ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பு: மதிப்பெண் ஆவணங்கள் முதல் குடியிருப்பு அனுமதி வரை

இந்தியாவில் இளநிலைப் பட்டம் முடித்தவர்கள், அல்லது இறுதியாண்டில் இருப்பவர்கள், ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலைப் படிப்பில் சேர விரும்பினால் எதை முதலில் செய்ய வேண்டும், எதை எப்போது செய்ய வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதை இந்தக் கட்டுரை வரிசையாகச் சொல்கிறது. இந்த நடைமுறை முழுவதையும் கடந்து வந்தவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் படியும் கடினமானதல்ல. ஆனால் ஒவ்வோர் ஆவணமும் வேறோர் ஆவணத்தைக் கேட்டு நிற்கிறது. வரிசை தவறினால், தகுதி இருந்தும் ஒரு முழு ஆண்டு வீணாகிவிடும். நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் தேதியைத் தவறவிட்டுத் திரும்புவதைப் பார்ப்பது மிகவும் வருத்தமாக இருக்கிறது. கட்டணங்கள் அவ்வப்போது மாறும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் உரிய அலுவலகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. நாட்காட்டியைக் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஜெர்மனியில் கல்வியாண்டுக்கு இரண்டு பருவங்கள். குளிர்காலப் பருவம் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. கோடைகாலப் பருவம் ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. முதுநிலைப் படிப்புகளில் பல குளிர்காலப் பருவத்தில் மட்டுமே மாணவர்களைச் சேர்க்கின்றன.

விண்ணப்பிக்கக் கடைசித் தேதி குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15, கோடைகாலப் பருவத்துக்கு ஜனவரி 15 என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு ஆங்கிலவழிப் படிப்புகளின் கடைசித் தேதி பெரும்பாலும் அதற்கு வெகு முன்னதாகவே முடிந்துவிடுகிறது. ஆஃகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பல படிப்புகளுக்கு அது மார்ச் 1, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பல படிப்புகளுக்கு மே 31. எனவே வரும் ஆண்டு அக்டோபரில் வகுப்பில் அமர வேண்டுமானால், இந்த ஆண்டு செப்டம்பரிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மதிப்பெண் ஆவணங்களும் மொழித் தேர்வும், நவம்பரில் கல்விச் சான்றுகளைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். அமைப்புக்கு விண்ணப்பம், டிசம்பர் முதல் மார்ச் வரை பல்கலைக்கழக விண்ணப்பங்கள், சேர்க்கைக் கடிதம் கிடைத்த உடனே பணமும் விசாவும் என்று வைத்துக்கொண்டால் மூச்சுத் திணறாமல் முடிக்கலாம்.

2. பெயரையும் மதிப்பெண் ஆவணங்களையும் முதலில் சரிசெய்யுங்கள்

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு மற்றவர்களைவிட ஒரு தொல்லை கூடுதல். நம் பள்ளிச் சான்றிதழில் பெயரோடு ஒற்றை எழுத்துத் தலைப்பெழுத்து இருக்கும். கல்லூரிப் பட்டியலில் அது பெயருக்குப் பின்னால் போயிருக்கும். கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், அல்லது குடும்பப் பெயருக்கான இடம் காலியாகவே விடப்பட்டிருக்கும். ஜெர்மானியப் படிவங்கள் குடும்பப் பெயர், தன் பெயர் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்கின்றன. ஆகவே கடவுச்சீட்டில் அந்த இடம் காலியாக இருந்தால், எந்த விண்ணப்பத்தையும் தொடங்குவதற்கு முன் அதைத் திருத்திப் புதிய கடவுச்சீட்டு வாங்கிவிடுவது நல்லது. பாதிவழியில் கடவுச்சீட்டு எண் மாறினால், அந்த எண்ணைக் கொடுத்த எல்லா இடங்களிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும். அதன்பின் மொழித் தேர்வு, ஏ.பி.எஸ்., பல்கலைக்கழகம், வங்கி, விசா ஆகிய எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல், பெயரை எழுதுங்கள். பழைய சான்றிதழ்களில் உள்ள வேறுபாட்டுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கல்லூரியிலிருந்து பெற வேண்டியவை. எல்லாப் பருவங்களுக்குமான மதிப்பெண் பட்டியல்கள், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்றிதழ் அல்லது பட்டச் சான்றிதழ், பல்கலைக்கழகம் வழங்கும் டிரான்ஸ்கிரிப்ட் ஆகியவை தேவை. தேர்ச்சிக்குத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண் அல்லது தரப்புள்ளி எவ்வளவு என்பதைத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் ஒன்றும் கையில் இருக்க வேண்டும். இதன் முக்கியத்துவம் நான்காம் படியில் புரியும். பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்திலேயே தர அளவுகோல் அச்சிடப்பட்டிருக்கும். எனவே ஸ்கேன் எடுக்கும்போது பின்பக்கத்தையும் சேர்த்து, வண்ணத்தில் எடுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் அதுவரை முடித்த பருவங்களின் பட்டியல்களைக் கொண்டே பல இடங்களில் விண்ணப்பிக்கலாம். ஆனால் படிப்பு எப்போது முடியும் என்ற கல்லூரிக் கடிதமும் உடன் இருப்பது நல்லது.

பல்கலைக்கழகத் தேர்வுத்துறை அலுவலகங்களில் டிரான்ஸ்கிரிப்ட் கிடைக்கப் பல வாரங்கள் ஆவதுண்டு. எல்லாவற்றையும்விட முன்னதாக இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். பாடவாரியான பாடத்திட்ட நூலையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

3. ஏ.பி.எஸ். சான்றிதழ்

2022 நவம்பர் 1 முதல், இந்தியாவிலிருந்து மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்களின் கல்விச் சான்றுகள் உண்மையானவைதானா என்பதை ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு சரிபார்த்துச் சான்றளிக்க வேண்டும். இது புதுதில்லியில் இயங்குகிறது. கட்டணம் 18,000 ரூபாய். முனைவர் பட்ட ஆய்வுக்குச் செல்பவர்களுக்கும், ஜெர்மன் அரசு நிதியிலிருந்து உதவித்தொகை பெறுபவர்களுக்கும் விலக்கு உண்டு.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ், கடவுச்சீட்டு நகல், நிரப்பிக் கையொப்பமிட்ட படிவம், கட்டணம் செலுத்தியதற்கான சான்று ஆகியவை கேட்கப்படும். மொழித் தேர்வு முடிந்திருந்தால் அதன் முடிவையும் இணைக்கலாம். சான்றிதழ் கிடைக்க ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகும். விண்ணப்பங்கள் குவியும் மாதங்களில் இன்னும் நீளும். பெயர் வேறுபாடு, விடுபட்ட பருவத்தின் பட்டியல், மங்கலான ஸ்கேன் ஆகிய மூன்றும்தான் தாமதத்துக்கு வழக்கமான காரணங்கள். ஒரு பக்கம் குறைந்தாலும் அதைக் கேட்டு மின்னஞ்சல் வரும், அதற்குப் பதில் போகும், மறுபடியும் காத்திருக்க வேண்டும்.

விசாவுக்குத்தானே இது வேண்டும், சேர்க்கை கிடைத்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தின்போதே ஏ.பி.எஸ். சான்றிதழைக் கேட்கின்றன. அது இல்லாத விண்ணப்பம் பரிசீலனைக்கே போகாது. இந்தச் சான்றிதழுக்குக் காலாவதி தேதி கிடையாது என்பதால், முன்கூட்டியே எடுப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

4. படிப்பைத் தேர்ந்தெடுப்பது

விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதற்கு மதிப்பெண் குறைவே காரணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். என் கருத்தில், பாடப்பொருத்தம் இல்லாமையே அதைவிடப் பெரிய காரணம். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. கணிதத்தில் இத்தனை புள்ளிகள், இயற்பியலில் இத்தனை, நிரலாக்கத்தில் இத்தனை என்று முன்நிபந்தனை வைக்கின்றன. இவை ஐரோப்பிய கல்விப் புள்ளி முறையில் சொல்லப்படும். அங்கே மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 180 புள்ளிகள், ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. நீங்கள் படித்த பாடங்களை அந்த நிபந்தனைகளோடு ஒன்றுக்கொன்று பொருத்தி ஓர் அட்டவணை தயார் செய்யுங்கள். பாதிக்கு மேல் பொருந்தாத படிப்புக்கு விண்ணப்பக் கட்டணம் செலுத்துவது வீண். இயந்திரப் பொறியியல் படித்தவர் நேரடியாகத் தரவு அறிவியலுக்கு விண்ணப்பித்துத் தோற்பது இப்படித்தான். அதே மாணவர் கணக்கிடும் இயந்திரவியல் போன்ற இடைப்பட்ட படிப்புகளில் எளிதாக இடம் பெறக்கூடும்.

படிப்புகளைத் தேட ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் நடத்தும் இலவசத் தரவுத்தளம் போதுமானது. உங்கள் கல்லூரி அல்லது பல்கலைக்கழகம் அங்கே ஏற்கப்படுகிறதா என்பதை அனபின் என்ற தரவுத்தளத்தில் பாருங்கள். ஹெச் பிளஸ் என்ற குறி இருந்தால் அந்த நிறுவனம் ஏற்கப்பட்டது என்று பொருள். மூன்றாண்டுப் பட்டம் பெற்றவர்கள் இதோடு நிற்காமல், தாங்கள் விரும்பும் துறைக்கே மின்னஞ்சல் எழுதி எழுத்துவடிவில் பதில் வாங்கிவிட வேண்டும்.

இனி மதிப்பெண் கணக்கு. ஜெர்மனியில் 1 என்பதே மிகச் சிறந்த தரம், 4 என்பது குறைந்தபட்சத் தேர்ச்சி. இந்திய மதிப்பெண்ணை மாற்றத் திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். 10க்கு 8 தரப்புள்ளி பெற்ற ஒருவருக்குத் தேர்ச்சி அளவு 5 என்றால் விடை 2.2. அதே மாணவருக்குத் தேர்ச்சி அளவு 4 என்று ஆவணத்தில் இருந்தால் விடை 2.0. பல படிப்புகள் 2.5க்கு மேற்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை என்பதால், இந்தச் சிறு வேறுபாடு எல்லையில் நிற்பவர்களுக்குச் சேர்க்கையையே தீர்மானிக்கும். தேர்ச்சி அளவைச் சொல்லும் ஆவணத்தை இரண்டாம் படியிலேயே கேட்டு வாங்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

கட்டணத்தைப் பற்றியும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பருவத்துக்கு ஏறக்குறைய 100 முதல் 400 யூரோ வரையிலான பருவப் பங்களிப்பு மட்டும் உண்டு, பல ஊர்களில் பொதுப் போக்குவரத்துப் பயணச்சீட்டும் அதற்குள் அடங்கும். ஆனால் பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட், ஹைடல்பெர்க், கார்ல்ஸ்ரூ ஆகிய ஊர்களின் பல்கலைக்கழகங்கள் இந்த மாநிலத்தைச் சேர்ந்தவை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவம் முதல் முதுநிலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கட்டணம் நிர்ணயித்துள்ளது. ஜெர்மனியில் படிப்பு முழுக்க இலவசம் என்ற பழைய பேச்சை அப்படியே நம்பிச் செலவைத் திட்டமிடாதீர்கள்.

ஆலோசனை நிறுவனங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மாணவரிடம் கட்டணமே வாங்காத நிறுவனங்கள் பலவற்றுக்குத் தனியார் கல்வி நிறுவனங்களிடமிருந்து தரகுத்தொகை கிடைக்கிறது. அதனால் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் பெறத் தகுதியுள்ள மாணவரைக்கூட, ஆண்டுக்குப் பல ஆயிரம் யூரோ கட்டணமுள்ள தனியார் கல்லூரிக்குத் திருப்பிவிடுகிறார்கள். நிறுவனத்தின் உதவியை நாடினாலும் விண்ணப்பக் கணக்குகள் உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும், கடவுச்சொற்களும் உங்களிடமே இருக்கட்டும். உங்கள் பெயரில் அவர்கள் என்ன எழுதி அனுப்புகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமல் போகக் கூடாது. அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் நீங்கள்தான்.

5. மொழித் தேர்வு

ஆங்கிலவழிப் படிப்புகள் பெரும்பாலும் ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வில் 6.5 எதிர்பார்க்கின்றன. இந்த முடிவு இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். கல்லூரியில் ஆங்கிலவழியில் படித்ததற்கான சான்றைச் சில துறைகள் ஏற்கும், பல ஏற்பதில்லை. ஒவ்வொரு படிப்பின் நிபந்தனையையும் தனியே படித்துப் பாருங்கள். ஆங்கிலவழிப் படிப்பாக இருந்தாலும் புறப்படுவதற்கு முன் ஜெர்மன் மொழியில் ஏ1, ஏ2 நிலைகளை முடித்துவிடுமாறு மனமாரச் சொல்கிறேன். வீடு தேடுவதிலும் பகுதிநேர வேலையிலும் அந்த ஆறு மாத உழைப்பின் பயன் உடனே தெரியும்.

6. விண்ணப்பித்தல்

சில பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்திலேயே நேரடியாக விண்ணப்பம் பெறுகின்றன. சில யூனி அசிஸ்ட் என்ற பொது அமைப்பின் வழியாகப் பெறுகின்றன. மூன்றாவது வகையும் உண்டு. அங்கே முதலில் யூனி அசிஸ்டிடமிருந்து வி.பி.டி. என்ற முன்பரிசீலனைச் சான்று பெற்று, பிறகு பல்கலைக்கழகத்தின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்த மூன்றாவது வகையில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, அந்தச் சான்று வர வாரக்கணக்கில் ஆகும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

யூனி அசிஸ்டில் ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஆறு படிப்புகளுக்கு விண்ணப்பித்தால் 225 யூரோ ஆகும். பணம் வந்து சேர்ந்த பின்னரே பரிசீலனை தொடங்கும். அதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். கடைசித் தேதிக்கு எட்டு வாரங்களுக்கு முன்பே அனுப்பிவிட்டால், விடுபட்ட ஆவணத்தைக் கேட்டு அவர்கள் எழுதும்போது சரிசெய்ய இடம் இருக்கும்.

நோக்கக் கடிதத்தில் பல்கலைக்கழகத்தின் பழம்பெருமையைப் பாராட்டி எழுதுவதால் பயனில்லை. நீங்கள் படித்த எந்தப் பாடம், செய்த எந்தத் திட்டப்பணி, அந்தப் படிப்பின் எந்தப் பாடத்தோடு தொடர்புடையது என்பதை எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியருக்குக் குறைந்தது ஒரு மாத அவகாசம் கொடுங்கள். கல்லூரி மின்னஞ்சல் முகவரியிலிருந்து அவர் எழுதுவது சிறந்தது. எந்தச் சூழ்நிலையிலும் வேறொருவரின் நோக்கக் கடிதத்தை நகலெடுக்காதீர்கள்.

7. பணம்

செலவுக்குப் போதிய பணம் உங்களிடம் இருக்கிறது என்பதைக் காட்டப் பெரும்பாலானோர் தேர்ந்தெடுக்கும் வழி, பிளாக்டு அக்கவுன்ட் என்று அனைவரும் சொல்லும் முடக்கக் கணக்கு. 2024 செப்டம்பர் முதல் அதில் வைக்க வேண்டிய தொகை ஓராண்டுக்கு 11,904 யூரோ. நீங்கள் அங்கே சென்றபின் மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்பக் கிடைக்கும். இதை யாருக்கோ கட்டும் கட்டணமாக எண்ண வேண்டாம். அது உங்கள் வாழ்க்கைச் செலவுக்கான உங்கள் பணம். கணக்குத் தொடங்கும் நிறுவனம் தனியே ஒரு சேவைக் கட்டணமும், சில நிறுவனங்கள் திருப்பித் தரக்கூடிய ஒரு சிறு கூடுதல் தொகையும் கேட்கும்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. வங்கியில் ஏ2 படிவம் நிரப்ப வேண்டும், அனுப்புபவரின் பான் எண் தேவை. நோக்கம் என்ற இடத்தில் வெளிநாட்டுக் கல்வி என்பதையே குறிப்பிட வேண்டும். ஒரு நிதியாண்டில் ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் மொத்தத் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு டி.சி.எஸ். என்ற வரியை வங்கி வசூலிக்கும். முடக்கக் கணக்குத் தொகையே ரூபாய் மதிப்பில் இந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட வங்கியின் கல்விக்கடனிலிருந்து செல்லும் பணத்துக்கு இந்த வரி கிடையாது. வசூலிக்கப்பட்ட வரியை, பணம் அனுப்பியவர் தம் வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். அதனால் யாருடைய பான் எண்ணில் அனுப்புவது என்பதைக் குடும்பத்தோடு பேசி முன்பே முடிவெடுங்கள்.

இன்னொன்று: வழியில் உள்ள இடைநிலை வங்கிகள் தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டால், சில யூரோ குறைந்து போய்ச் சேரும். தொகை முழுமையாக வராத வரை உறுதிச் சான்று தரப்படாது. அது இல்லாமல் விசாவுக்குப் போக முடியாது. எல்லாக் கட்டணங்களையும் அனுப்புபவரே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுத்து, மேலும் சில பத்து யூரோ கூடுதலாக அனுப்புங்கள்.

கல்விக்கடன் பெறுபவர்கள் சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல், சொத்து ஆவணங்களின் சரிபார்ப்பை முன்பே தொடங்கிவிட வேண்டும். வில்லங்கச் சான்று, சட்டக் கருத்து, மதிப்பீடு என்று வங்கியில் அடுத்தடுத்து நடக்கும் வேலைகள் எளிதில் இரண்டு மாதங்களை எடுத்துக்கொள்ளும்.

8. மருத்துவக் காப்பீடு

இரண்டு காப்பீடுகள் தேவை. ஜெர்மனியில் இறங்கும் நாளிலிருந்து பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யும் நாள் வரைக்கும் பயணக் காப்பீடு. அதன்பின் பொதுக் காப்பீடு எனப்படும் சட்டப்பூர்வ மாணவர் காப்பீடு. இரண்டாவதற்கு மாதம் ஏறக்குறைய 140 முதல் 160 யூரோ வரை ஆகும், இந்த மாணவர் கட்டணம் 30 வயது வரைதான். நீங்கள் காப்பீடு பெற்றிருப்பதைக் காப்பீட்டு நிறுவனமே மின்னணு முறையில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்கும்.

குறைந்த கட்டணத்தைக் காட்டித் தனியார் காப்பீட்டை விற்பவர்கள் உண்டு. 30 வயதுக்கு உட்பட்டவர் ஒருமுறை பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற்றுவிட்டால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்பிச் சேர முடியாது. மாதம் சில பத்து யூரோவை மிச்சப்படுத்த இதைச் செய்ய வேண்டாம்.

9. விசா

நீங்கள் பெற வேண்டியது நீண்டகாலத் தங்கலுக்கான தேசிய விசா. சுற்றுலா விசாவில் சென்று அங்கே மாணவர் அனுமதியாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இந்தியக் குடிமக்களுக்கு அது இயலாது. கட்டணம் 75 யூரோவுக்கு இணையான ரூபாய்.

இப்போது விண்ணப்பத்தை ஜெர்மன் வெளியுறவுத் துறையின் இணையவழித் தளத்தில் நிரப்பி, ஆவணங்களைப் பதிவேற்றிய பின், விண்ணப்ப மையத்துக்கு நேரில் சென்று கைரேகை கொடுக்கும் முறை நடைமுறையில் உள்ளது. கடவுச்சீட்டு, புகைப்படம், சேர்க்கைக் கடிதம், ஏ.பி.எஸ். சான்றிதழ், கல்விச் சான்றுகள், மொழித் தேர்வு முடிவு, முடக்கக் கணக்கு உறுதிச் சான்று, காப்பீட்டுச் சான்று, தன்விவரக் குறிப்பு, நோக்கக் கடிதம் ஆகியவை தேவை. முடிவு வரப் பன்னிரண்டு வாரங்கள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டே திட்டமிடுங்கள். முடிவு தெரியாமல், பணம் திரும்பாத விமானச்சீட்டை வாங்காதீர்கள்.

முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திலேயே இலவசமாக மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழி நீக்கப்பட்டுவிட்டது. இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். ஆகவே முதல் விண்ணப்பமே குறையற்றதாக இருக்க வேண்டும். படிப்பில் இடைவெளி இருந்தால், அந்த மாதங்களில் என்ன செய்தீர்கள் என்பதைச் சான்றோடு எழுதுங்கள். முந்தைய படிப்புக்குத் தொடர்பில்லாத துறை என்றால், ஏன் மாறுகிறீர்கள் என்பதை மறைக்காமல் விளக்குங்கள்.

10. தங்குமிடம்

சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே அந்த ஊரின் மாணவர் நலச் சங்கமான ஸ்டூடியரெண்டன்வெர்க் நடத்தும் விடுதிகளுக்கு விண்ணப்பியுங்கள். தனியார் வாடகையைவிட அங்கே கட்டணம் குறைவு, ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளமானது.

தனியார் அறை தேடும்போது, கால்ட்மீட்டே என்பது வெறும் வாடகை, வார்ம்மீட்டே என்பது வெப்பமூட்டலும் பராமரிப்பும் சேர்ந்த வாடகை என்பதை நினைவில் வையுங்கள். ஒப்பிடும்போது இரண்டாவதையே ஒப்பிடுங்கள். முன்வைப்புத் தொகை, வெறும் வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்று எழுதுபவர் எவராக இருந்தாலும் மோசடிக்காரர்தான். அறையை நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்ப வேண்டாம். முதல் சில வாரங்களுக்குத் தற்காலிக இடம் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து தேடுவதே பாதுகாப்பானது. ஆனால் அந்தத் தற்காலிக இடத்தில் முகவரிப் பதிவு செய்ய முடியுமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

11. சென்று இறங்கிய பின்

குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் அன்மெல்டுங் என்ற முகவரிப் பதிவைச் செய்ய வேண்டும். இதற்கு வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட உறுதிப்படிவம் தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. வங்கிக் கணக்கு, முடக்கக் கணக்கிலிருந்து பணம் பெறத் தொடங்குவது, குடியிருப்பு அனுமதி ஆகிய அனைத்தும் இந்தப் பதிவுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன. பெரிய நகரங்களில் முன்பதிவு நேரம் கிடைப்பது அரிது என்பதால், இந்தியாவிலிருந்தே முயன்று நேரத்தைப் பிடித்துவிடுங்கள்.

தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இது அற்பமாகத் தோன்றலாம், ஆனால் பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வரி எண், வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வருகின்றன. ஒலிபரப்புக் கட்டணம் கேட்டும் ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ, ஒரு வீட்டுக்கு ஒன்று. அதை ஏமாற்றுக் கடிதம் என்று தூக்கி எறியாதீர்கள். பகிர்ந்து வாழும் வீட்டில் ஒருவர் ஏற்கெனவே கட்டிவந்தால், அவருடைய கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பினால் போதும்.

விசாவில் குறிப்பிட்ட நாள் முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். கட்டணம் சுமார் 100 யூரோ. நேரில் வரச் சொல்லும் தேதி தாமதமானாலும், விண்ணப்பம் உரிய காலத்தில் சென்றிருந்தால் இடைக்காலச் சான்று தருவார்கள். விண்ணப்பம் அனுப்பியதற்கான மின்னஞ்சலையும் ரசீதையும் அச்செடுத்து வைத்திருங்கள். இடைக்காலச் சான்றோடு இந்தியாவுக்கு வந்து திரும்ப எண்ணினால், அந்தச் சான்று மறுநுழைவை அனுமதிக்கும் வகையைச் சேர்ந்ததுதானா என்று அலுவலகத்திடம் கேட்காமல் பயணச்சீட்டு வாங்காதீர்கள்.

12. பகுதிநேர வேலையும் அனுமதி நீட்டிப்பும்

2024 மார்ச் முதல், வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே மாணவர் உதவியாளராகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது. குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் மாணவர் காப்பீட்டு உரிமைக்கே இடையூறு வரும். சுயதொழிலுக்குத் தனி அனுமதி வேண்டும், எனவே இணையம் வழியாக இந்திய நிறுவனத்துக்குத் தனிப்பணி செய்து தருவதையும் அனுமதியின்றிச் செய்யாதீர்கள்.

முதல் மாதங்களில் வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் பணத்தைக் குறைவாகக் கொண்டுவர வேண்டாம். முடக்கக் கணக்கின் முதல் தவணை வருவதற்கு முன்பே முன்வைப்புத் தொகை, முதல் மாத வாடகை, பருவப் பங்களிப்பு, காப்பீடு ஆகியவை வரிசையாக வந்து நிற்கும். அதற்காகத் தனியே 1,500 முதல் 2,000 யூரோ வரை வைத்துக்கொள்ளுங்கள்.

குடியிருப்பு அனுமதியை நீட்டிக்கும்போது, மறுபடியும் வாழ்க்கைச் செலவுக்கான சான்றும், படிப்பில் போதிய முன்னேற்றம் இருக்கிறது என்பதற்கான மதிப்பெண் பட்டியலும் கேட்கப்படும். தேர்வுகளைத் தள்ளிப்போட்டு வேலையிலேயே நாட்களைக் கழித்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல் வருகிறது. அனுமதி முடிவதற்கு எட்டு வாரங்களுக்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். அட்டை அச்சாகி வரவே பல வாரங்கள் ஆகும்.